நகராத மேடு

நியூ ஜெர்சியில் நாங்கள் இருந்த மான்மவுத் ஜங்ஷனில் எந்த வீட்டுக் கொலுவுக்குப் போனாலும் யாராவது ஒரு ஆன்ட்டி என்னிடம் கேட்பார். “நீ எந்தக் கம்பெனிம்மா?”

“கம்பெனி இல்ல ஆன்ட்டி, யூனிவர்சிட்டி. நியூட்ரான் வெச்சு, மெட்டலுக்குள்ள அணு எல்லாம் எப்படி வைப்ரேட் ஆகுதுன்னு பாக்கறேன்.”

“ஓ. சரி, சுண்டல் எடுத்துக்கோ.”

நான் சுண்டலை எடுத்துக்கொள்வேன். எனக்கு இதில் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. பல வருடம் ஒரே வேலையைச் செய்துவிட்டால், அதை அடுத்தவருக்கு விளக்க வேண்டும் என்ற ஆசைதான் முதலில் போகிறது.

இப்போது விளக்கித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த நவராத்திரியில் என்ன நடந்தது என்பது புரியாது. ஓர் உலோகப் படிகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒன்றும் சும்மா இருப்பதில்லை. ஒன்று ஆடினால் பக்கத்தில் இருப்பதையும் இழுக்கும், அது அதற்கு அடுத்ததை இழுக்கும், இப்படியே அலை அலையாக எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு நியூட்ரானை அனுப்பினால் அது தன் சக்தியில் கொஞ்சத்தை அந்த அலைக்குக் கொடுத்துவிட்டு வேறு திசையில் வெளியே வரும். எவ்வளவு கொடுத்தது, எந்தப் பக்கம் திரும்பியது என்று அளந்தால், உள்ளே எந்த வேகத்தில் ஆட்டம் நடக்கிறது என்று தெரிந்துவிடும். கணினித் திரையில் அது ஒரு மேடாக வரும். அந்த மேட்டைத் தேடுவதுதான் என் பிழைப்பு.

நான் வைத்திருந்தது ஒரு கலப்பு உலோகப் படிகம். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அதை நன்றாகக் குளிர வைத்தால், மிக மெதுவான ஒரு புது அதிர்வு அதில் தோன்றும் என்பது என் கட்சி. கணக்குகள் அப்படித்தான் சொல்லின. துறையில் பலர் நம்பவில்லை. நான் நம்பினேன். நம்பி நம்பி ஓய்ந்துபோயிருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் என் வேலை வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேலை. அந்த முறை துறைத்தலைவர் கதவைச் சாத்திவிட்டு மிகவும் மரியாதையாகப் பேசினார். மரியாதை கூடினாலே செய்தி நல்லதாக இருக்காது. இந்தப் பரிசோதனையில் உறுதியாக ஏதாவது வந்தால் இன்னும் மூன்று வருடம் கேட்டுப் பார்க்கலாம், வராவிட்டால் அடுத்த கோடையோடு சரி என்றார்.

அதே சமயத்தில் என் கணவரின் கம்பெனி டெக்சாஸுக்கு, பிளானோவுக்கு இடம் மாறிக்கொண்டிருந்தது. அவர் பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவர். கூட வருகிறவர்கள் வரலாம், வராதவர்களுக்கு இங்கே வேலை வருட முடிவு வரைதான். பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள், என் பரிசோதனை நடக்கும் வாரத்தின் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. என் மேடு வந்தால் நியூ ஜெர்சி, வராவிட்டால் பிளானோ. எங்கள் வீட்டில் யாரும் இதை உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. சாப்பாட்டு மேசையில் அது தானாகவே அப்படி அமைந்துவிட்டது.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் கேட்டோம். “ஐ டோன்ட் கேர். ஜஸ்ட் டிசைட், ப்ளீஸ்,” என்றாள்.

என் கணவருக்குப் பிளானோ போகத்தான் ஆசை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். பனியை வாரிக் கொட்டும்போதெல்லாம் அவர் டெக்சாஸ் வெயிலைப் பற்றிப் பேசுவார். சாயங்காலங்களில் சோபாவில் சாய்ந்துகொண்டு ஃபோனில் அந்த ஊர் வீடுகளைப் பார்ப்பார். நான் அந்தப் பக்கம் போனால் ஃபோனைக் கவிழ்த்து வைப்பார். கேட்டால், “சும்மா பாத்தேன். உன் எக்ஸ்பெரிமென்ட் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்,” என்பார். கல்யாணமானதிலிருந்து இந்த வாக்கியத்தை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று நினைத்தால் எனக்கே சங்கடமாக இருக்கும்.

எங்கள் வேலையில் ஒரு பெரிய எதிரி உண்டு. அதன் பெயர் ஹைட்ரஜன். மற்ற அணுக்கள் நியூட்ரானைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறடிக்கும் என்றால், ஹைட்ரஜன் எல்லாப் பக்கமும் வாரி இறைத்துவிடும். படிகத்தின் மெல்லிய குரல் அந்தச் சத்தத்தில் கேட்காது. ஹைட்ரஜனோ எல்லா இடத்திலும் இருக்கிறது. தண்ணீரில், எண்ணெயில், பசையில், விரல் அழுக்கில். அதனால் படிகத்தைப் பசை போட்டு ஒட்டாமல் அலுமினியக் கம்பியால் கட்டினேன். அலுமினியக் குப்பிக்குள் வைத்து மூடினேன். கையுறை இல்லாமல் தொடவில்லை. குப்பியை ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, பையின் மேல் ‘சுத்தம்’ என்று ஆங்கிலத்தில் எழுதி வீட்டுக்கு எடுத்து வந்தேன். நியூட்ரான் தரும் அணு உலை இருப்பது மேரிலாந்தில். வீட்டிலிருந்து நேராகக் கிளம்பினால் மூன்று நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். யூனிவர்சிட்டிக்கு ஒரு நடை போய்விட்டுப் போக எனக்குத் தெம்பில்லை.

நான் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை.

என் கணவரின் குடும்பம் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த குடும்பம். தீபாவளியைக்கூட அவர்கள் வீட்டில் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். ஆயுத பூஜையில் மட்டும் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். பட்டறையில் இருக்கும் ஸ்பேனர் வரைக்கும் சந்தனம், குங்குமம் வாங்காமல் தப்ப முடியாது. அமெரிக்கா வந்தும் அவர் அதை விடவில்லை. இரண்டு காருக்கும் பொட்டு உண்டு. மிக்ஸி, புல் வெட்டும் இயந்திரம், மகளின் கால்குலேட்டர், தானாக ஓடித் தரையைப் பெருக்கும் அந்த வட்டப் பெட்டி, எல்லாவற்றுக்கும் உண்டு. அன்றைக்கு எதையும் வேலைக்கு எடுக்கக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். சந்தனத்தைக் கல்லில் இழைத்துத்தான் வைப்பார். பொடியைக் குழைப்பது அவருக்குப் பிடிக்காது.

ஒரு வருடம் என் லேப்டாப்புக்கு வைத்த குங்குமம் விசைகளுக்குள் போய்விட்டது. நான் கத்திவிட்டேன். அன்றிலிருந்து என் பொருள் எதையும் அவர் கேட்காமல் பூஜையில் வைப்பதில்லை. இந்த முறை கேட்டார்.

“உன்னோடது எதாச்சும் வெக்கட்டுமா?”

“ஒண்ணும் வேண்டாம். என்னை விட்டுடுங்க.”

குப்பி இருந்த பை சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருந்தது. நான் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். பூஜை மணிச் சத்தம் கேட்டது. எழுந்து போக வேண்டும் என்று நினைத்தேன், உடம்பு கேட்கவில்லை.

மறுநாள் காலை அவரே பையை எடுத்து வந்து கார் சீட்டில் வைத்தார், பெல்ட் கூடப் போட்டுவிட்டார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. அதை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் நெரிசல். டெலவேர் பாலத்தில் நெரிசல். அணு உலை வளாகத்துக்குள் போனதும் பாதுகாப்பு வகுப்பு. நூறு தடவை கேட்ட வகுப்பு. கருவிக்குப் பொறுப்பான விஞ்ஞானி உயரமான, நிதானமான மனிதர். எப்போதும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார். குப்பியை ஒரு நீளக் கம்பியின் நுனியில் திருகி, குளிரூட்டும் கலத்துக்குள் அவர்தான் இறக்கினார். பை மூடியிருந்தது, மேலே நான் எழுதியது இருந்தது. அதனால் அவரும் துடைக்கவில்லை, நானும் துடைக்கவில்லை.

அடுத்த நாள் மதியம் மேடு வந்தது.

சிறியதுதான், ஆனால் நான் சொன்ன இடத்திலேயே வந்தது. ஒவ்வொரு புள்ளியாக ஏறி, ஒவ்வொரு புள்ளியாக இறங்கியது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது என்னவோ அழுகை மாதிரி ஒன்று. கூடவே எங்கேயாவது படுத்துவிட்டால் போதும் என்றும் இருந்தது. விஞ்ஞானி திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “நன்றாக இருக்கிறது. நாளைக்குப் படிகத்தைத் திருப்பிப் பார்ப்போம்,” என்றார். அவர் சொன்னது சரி. நான் அதுவரை பொறுத்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை.

நடைவழிக்குப் போய் வீட்டுக்கு ஃபோன் செய்தேன்.

“வந்துடுச்சுங்க.”

“வந்துடுச்சா? நெசமாவா?”

“நான் சொன்ன எடத்துலயே. இன்னும் செக் பண்ணணும். ஆனா வந்திருக்கு.”

“அப்ப சரி. பிளானோவுக்கு நோ சொல்லிடறேன். இப்பவே மெயில் போட்டுடறேன்,” என்றார்.

“நாளைக்குச் சொல்லுங்களேன்.”

“எதுக்கு? நீ சாப்பிட்டியா?”

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆசையை விழுங்கிவிட்டுப் பேசுகிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அந்த விடுதி அறையில் எனக்கு மேட்டை நினைத்துத் தூக்கம் கெடவில்லை. கவிழ்த்து வைத்த ஃபோனை நினைத்துத்தான் கெட்டது.

மறுநாள் படிகத்தைத் திருப்பினோம். நிஜமான அதிர்வு என்றால் திசை மாற மாற அதன் மேடும் நகர வேண்டும். அலைக்கு நீளம் உண்டு, திசை உண்டு, அதற்கேற்ப வேகமும் மாறும். வரிசையாக இருக்கும் அணுக்களின் அடையாளமே அதுதான். எங்கள் மேடு நகரவில்லை. பத்து டிகிரி திருப்பினோம், இருபது திருப்பினோம். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

விஞ்ஞானி விதை கொறிப்பதை நிறுத்தினார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. திசைக்குத் திசை நகராத மேடு என்றால் அது படிகத்திலிருந்து வருவதில்லை. எங்கேயோ ஹைட்ரஜன் இருக்கிறது.

“பசை போட்டீர்களா?” என்றார்.

“போடவில்லை.”

“உறுதியாகவா?”

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு வருடம் கையுறை போட்ட கை இது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் கலத்தைச் சூடாக்கித் திறப்பதா, இருக்கிற நேரத்தை அப்படியே ஓட்டுவதா என்று கேட்டார். திறந்தால் மீதியிருக்கும் நேரத்தில் பாதி போய்விடும். திறக்கலாம் என்றேன்.

மெதுவாகத்தான் சூடாகும். அதுவரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெரிய கூடத்தில் காங்கிரீட் சுவரைப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து எனக்கு வெகு நாளாகியிருந்தது.

விஞ்ஞானி கம்பியை வெளியே எடுத்து, கதிரியக்கம் எவ்வளவு என்று சோதித்துவிட்டு, குப்பியைத் திருகிக் கழற்றிக் கவிழ்த்தார். அடித்தட்டின் நடுவில் காய்ந்துபோன மஞ்சள் வட்டம் ஒன்று. அதன் நடுவே சிவப்பாக ஒரு புள்ளி.

“இது என்ன?” என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் கணவர் கேட்டாரே, வேண்டாம் என்றேனே. பையைத் திறந்து, அடியில் வைத்து, மறுபடி மூடியும் வைத்திருக்கிறார். என் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, நான் கத்தக்கூடாது என்று பார்த்து வைத்திருக்கிறார். விளிம்பு தாண்டாமல் எவ்வளவு அளவாக வைத்திருந்தார். லேத் மெஷினுக்கு வைத்துப் பழகிய விரல்.

“சந்தனம்,” என்றேன். “மரத்தை இழைத்து எடுப்பது. எங்கள் வீட்டில் கருவிகளுக்கு வருடத்தில் ஒரு நாள் வைப்போம். ஓர் ஆசீர்வாதம்.”

விஞ்ஞானி யோசித்தார். சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். “மரம் என்றால் நிறைய ஹைட்ரஜன்,” என்றார். “இந்தக் குளிரில் அது சரியாக இந்த இடத்தில்தான் மேடு போடும்.”

பஞ்சால் துடைத்தார். நியூட்ரான் கற்றையில் இருந்த பொருள் என்பதால் அந்தப் பஞ்சைக் குப்பைத்தொட்டியில் போட முடியாது. தனிப் பையில் போட்டு, கதிரியக்கக் கழிவு என்று மஞ்சள் சீட்டு ஒட்டி, பொருள் என்ன என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். சந்தனம் என்றே எழுதச் சொன்னேன்.

மறுபடி குளிர வைத்து மறுபடி அளந்தோம். மேடு இருந்த இடம் தட்டையாக இருந்தது. திருப்பிப் பார்த்தோம், அங்கும் தட்டை. நேரம் முடியும்வரை ஓட்டினோம். என் அதிர்வு இல்லை. சந்தனம் மறைத்ததனால் தெரியாமல் போகவில்லை, அது முதலிலிருந்தே இல்லை. இல்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு முடிவுதான் என்று மாணவர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லும்போது நான் நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன்.

வாகனம் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து ஃபோன் செய்தேன். காரின் டாஷ்போர்டிலும் ஒரு பொட்டு இருந்தது.

“மேடு இல்லைங்க. அது சந்தனம்.”

“என்னது?”

சொன்னேன். ஹைட்ரஜன், மரம், அடித்தட்டு எல்லாம் சொன்னேன்.

“அடக் கடவுளே,” என்றார் மெதுவாக. “நானே கெடுத்துப்போட்டேனா?”

“கெடுக்கல. அங்க ஒண்ணுமே இல்ல. இல்லாதது இருக்கற மாதிரி ரெண்டு நாள் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.”

“பையத் தொறந்தது தப்புதான். ஆனா எல்லாத்துக்கும் வெச்சுட்டு அதை மட்டும் அப்படியே விட மனசு வரல.”

“என்ன வேண்டிக்கிட்டீங்க?”

“வேற என்ன? அது வரணும்னுதான்.”

“அப்ப பிளானோ?”

“பிளானோவுக்கெல்லாம் யாராச்சும் சாமிகிட்ட வேண்டிக்குவாங்களா?” என்றார். பிறகு, “எனக்கு அந்த ஊரு புடிக்கும். இல்லேங்கல. ஆனா நீ தெனமும் சாயங்காலம் வர்றப்ப உன் மொகத்தப் பாக்கறேன்ல. ஒரு வாட்டியாச்சும் வந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு.”

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். மேட்டுக்காக அழவில்லை. இத்தனை வருடம் எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பதாக நான் நினைத்த மனிதர், தன் ஆசைக்கு எதிராக எனக்காகச் சந்தனம் இழைத்திருக்கிறார். கருவிகளால் எதையெல்லாம் அளக்க எனக்குத் தெரிந்ததோ அதையெல்லாம் அளந்தேன். இது எனக்குத் தெரியவே இல்லை.

“போச்சாது விடு,” என்றார். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு எல்லாத் துயரத்துக்கும் இந்த இரண்டு வார்த்தை போதும். “மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ பாத்து ஓட்டிட்டு வா. பாலத்துல கூட்டமா இருக்கும்.”

மேனேஜர் அந்த மெயிலை இன்னும் மேலே அனுப்பியிருக்கவில்லை. அடுத்த கோடையில் பிளானோ வந்துவிட்டோம். என் அதிர்வு இல்லை என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதி முடித்தேன். சிலர் படித்திருக்கலாம். படிகத்தைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொண்டது. குப்பி யாருக்கும் வேண்டாம் என்றார்கள். கதிரியக்கம் இல்லை என்று சீட்டு ஒட்டித் திரும்பி வந்ததை நான் வீட்டுச் சாமான்களோடு கட்டிக்கொண்டேன். இப்போது இங்கே ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வகம் நடத்துகிறேன். ஸ்பிரிங்கில் எடையைக் கட்டி எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணச் சொல்வேன். தவறாக எண்ணுவார்கள். மறுபடி எண்ணச் சொல்வேன். அலுப்பு இன்னும் இருக்கிறது. சாயங்காலம் டோல்வே சாலையில் வரும்போது கண்கள் எரியும்.

இங்கே வந்த முதல் ஆயுத பூஜைக்கு அவர் வழக்கம்போல எல்லாவற்றையும் பரப்பினார். கார் சாவிகள், மிக்ஸி, ஸ்பேனர் பெட்டி, அந்த வட்டப் பெட்டி. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போன வருடத்துக்குப் பிறகு அவருக்குக் கேட்கவே பயம். நான் மாடியிலிருந்து அலுமினியக் குப்பியை எடுத்து வந்து ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கையில் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார்.

“இதுக்கு வெக்கலாமா?”

“வைங்க. முன்பக்கத்துலயே, தெரியற மாதிரி வைங்க. இனி இதுக்குள்ள பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் உட்கார்ந்து, குப்பியைத் துணியால் துடைத்து, விரல் நுனியில் சந்தனம் எடுத்து நடுவில் வைத்தார். அதன் மேல் குங்குமம். பிறகு தள்ளி வைத்துப் பார்த்து, சற்று இடதுபக்கம் போய்விட்டதாகச் சொல்லி, துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், பூஜை முடியும்வரை எழுந்து போகவில்லை.